கறுப்புக் கட்டம்

பதினொரு மணிக்கு மகனைப் பார்க்க வேண்டும். அதற்குள் அடுப்படியில் தளிகையை முடித்துவிட வேண்டும் என்று விடியும் முன்பே எழுந்துவிட்டாள் வத்ஸலா.

பார்ப்பது என்றால் நேரில் அல்ல. வைபவ் இருப்பது ஆந்திர எல்லைக்கு அப்பால், ஒரு சிறையில்.

மாசி மாதம் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருந்த அவனுடைய கம்பெனி கார், இருள் பிரியாத நேரத்தில் ஒரு பால்காரரை இடித்துத் தள்ளியது. மனிதர் அந்த இடத்திலேயே போய்விட்டார். காரில் இருந்தவர்கள் இரண்டே பேர். வைபவ், டிரைவர் சபாபதி.

"சபாபதிதான் ஓட்டினான்" என்றான் வைபவ்.

"சார்தான் ஓட்டினாரு. நான் தூங்கிக்கினு இருந்தேன்" என்றான் சபாபதி.

யார் சொல்வது உண்மை என்று புரியாத போலீஸ் இருவரையுமே உள்ளே வைத்தது.

அன்று வத்ஸலாவின் கணவர் ஆராவமுதன், ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "யாருடா ஓட்டினது?"

"சபாபதிப்பா."

பதில் வருவதற்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தே தலை நரைத்தவர் அவர். பிள்ளைகளின் தயக்கம் அவருக்குத் தெரியும்.

"அவன் வாயால உண்மை வர்ற வரைக்கும் அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று, ஃபோனை வைத்துவிட்டு வத்ஸலாவிடம் சொன்னார்.

"அவன் சொன்னதுதான் உண்மை" என்றாள் வத்ஸலா.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு, சாதம் போடவும் தீர்த்தம் கொடுக்கவும் மட்டும்தான். போன வாரம் செவிலிமேட்டிலிருந்து சபாபதியின் மனைவி வந்து வாசலில் நின்றாள். "உங்க பையனை ஒரு வார்த்தை நெசத்தைச் சொல்லச் சொல்லுங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். வத்ஸலா கதவைச் சாத்தினாள். பொய் சொல்கிறவளுக்கு என்ன பதில்?

சிறையில் இருப்பவரை வீட்டிலிருந்தே வீடியோவில் பார்க்கலாம், அதற்கென்று ஒரு வெப்சைட் இருக்கிறது என்று வக்கீல் சொன்னதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அவளிடம் இருந்ததோ பட்டன் ஃபோன். வைபவின் லேப்டாப் மட்டும் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது.

பக்கத்து வீட்டு பிரவீனா, பட்டுப் புடவை முந்திக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். நாள் முழுக்க மவுஸும் கையுமாக இருப்பவள். அவளிடம் போய் வத்ஸலா ஒரு பொய் சொன்னாள்.

"எனக்கு அந்த பிரவுசரோ என்னமோ, அதைக் கத்துக் குடுடி. பெருமாள் புறப்பாடெல்லாம் அதுல காட்டறாளாமே."

பிரவீனா கண்ணை விரித்தாள். "கோயிலு ரெண்டு தெரு தள்ளி இருக்குது. அதைப் போயி கம்ப்யூட்டர்ல பாக்கணுமா மாமி?"

"முழங்கால் வலிக்கறது."

"நேத்து மாவு மிசினுக்கு ஓட்டமா ஓடினீங்களே!"

ஆனாலும் வந்தாள். மத்தியானத்தில், ஆராவமுதன் கண்ணயர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து வந்தாள்.

"மவுஸை அமுக்கிப் புடிக்காதீங்க, அது ஒண்ணும் ஓடிடாது. தோ, மேல நீளமா ஒரு கட்டம் இருக்குது பாருங்க. எந்த வூட்டுக்குப் போவணுமோ அந்த வூட்டு அட்ரஸை அங்க அடிக்கணும். அடிச்சி என்டர் தட்டினா கதவு தொறக்கும்."

வத்ஸலா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி முதலில் 'ஸ்ரீ' என்று அடித்தாள். மளிகைச் சீட்டாக இருந்தாலும் தலைப்பில் அதைப் போடாமல் எழுதிப் பழக்கமில்லாத குடும்பம். அதற்குப் பிறகுதான் அட்ரஸ்.

கேட்ட வீட்டுக் கதவு திறக்கவில்லை. ஸ்ரீ என்று பெயர் வைத்த ஸ்வீட் ஸ்டால்கள், ஜவுளிக் கடைகள், இன்ஜினியரிங் காலேஜ்கள், இலங்கையில் நாளைக்கு மழை என்று ஒரு பெரும் கூட்டமே வந்து நின்றது.

பிரவீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அட்ரஸுக்கு முன்னாடி எதுவும் போடக்கூடாது மாமி. பெருமாள் பேரா இருந்தாலும் சரி."

"மனசுக்குள்ள சொல்லிக்கலாமோன்னோ?"

"அதை எந்த கம்ப்யூட்டரு தடுக்கும்?"

வழி தப்பினால் இடப்பக்கத்து அம்பு, ஒரு தடவை தட்டினால் ஒரு வாசல் பின்னால். பக்கம் உறைந்து நின்றால் வட்ட அம்பு, அது புதிதாய்க் கொண்டு வரும். மேலே வரிசையாகத் தெரிபவை டேப். ஒன்றை மூடினால் மற்றது மூடாது. எல்லாவற்றையும் வத்ஸலா பாடம் பண்ணினாள். பிரவீனா ஒரே ஒரு விஷயத்தில்தான் கண்டிப்பாக இருந்தாள்.

"நடுநடுவுல ஒரு பெட்டி குதிச்சி வந்து, 'அனுமதி குடுக்கிறியா'ன்னு கேக்கும். எவன் கேட்டாலும் பிளாக். கண்ணை மூடிக்கினு பிளாக். ஊரெல்லாம் திருட்டுப் பசங்க."

"எவன் கேட்டாலும் பிளாக்" என்று வத்ஸலா திருப்பிச் சொன்னாள்.

சிறையின் பக்கத்தில் பதிவு செய்வதை மட்டும் யார் துணையும் இல்லாமல் அவளே செய்தாள். 'பார்க்க வருபவர் பெயர்' என்று ஒரு கட்டம் கேட்டது. கணவரின் பெயரை யாரிடமும் வாயால் சொல்லாதவள் அவள். ஆனால் கேஸ் புத்தகம், கரண்ட் அட்டை, கோயில் அர்ச்சனை எதுவானாலும் பெயர் என்று கேட்டால் அவர் பெயரைத்தான் கொடுப்பாள். அங்கே தன் பெயரைப் போட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆராவமுதன் என்று அடித்தாள். அவருடைய ஆதார் எண், அவருடைய ஃபோன் நம்பர். அந்த ஃபோனுக்கு வந்த எண்ணை, அவர் குளியலறைக்குத் தீர்த்தமாடப் போயிருந்தபோது பார்த்துப் போட்டாள். இன்ன கிழமை, பதினொரு மணி என்று அனுமதி வந்த செய்தியையும் அப்படியே திருட்டுத்தனமாகத்தான் படித்தாள்.

இன்றைக்குத் தவறினால் அடுத்த தடவை எப்போது என்று வக்கீலுக்கே தெரியவில்லை. கைதிகளை வேறு சிறைக்கு மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சு இருந்தது.

ஆராவமுதன் காலையிலேயே பன்னிரு திருமண் இட்டுக்கொண்டு கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டிக்குப் புறப்பட்டுப் போனார். உச்சிவேளைக்குத்தான் திரும்புவார். வத்ஸலா கூடத்துக் கதவை ஒருக்களித்துவிட்டு, லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள். மனசுக்குள் ஸ்ரீ சொல்லிக்கொண்டாள். அட்ரஸை அடித்தாள். பக்கம் வந்தது. 'உள்ளே நுழைக' என்ற பச்சைப் பட்டனைத் தட்டினாள்.

உடனே மூலையில் ஒரு பெட்டி குதித்து வந்தது. கேமரா, மைக் என்று என்னவோ அனுமதி கேட்டது.

எவன் கேட்டாலும் பிளாக்.

அவள் கொஞ்சமும் தயங்கவில்லை.

திரை இரண்டு கட்டங்களாகப் பிரிந்தது. ஒன்று முழுக்கக் கறுப்பு. அதன் அடியில் வெள்ளை எழுத்தில் ஆராவமுதன் என்ற பெயர். இன்னொன்றில் பச்சைச் சுவரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும். யாரோ தெலுங்கில் அதட்டும் சத்தம். அப்புறம் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான் வைபவ்.

தாடி. ஒட்டிய கன்னம். வெறும் நெற்றி.

"கண்ணா!" என்றாள் வத்ஸலா.

அவன் அவளைப் பார்க்கவில்லை. கண்ணைச் சுருக்கி எதையோ படித்தான். படித்ததும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டான்.

"அப்பாவா?"

"நான்டா! அம்மாடா! இங்க பாரு!"

அவனுக்குக் கேட்கவில்லை. கறுப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் மெதுவாக உட்கார்ந்தான். "என் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு சொன்னேளாமே, வக்கீல் சொன்னார். அதான் கேமரா போடலையா? பரவால்லப்பா. நீங்க வந்ததே போதும்."

வத்ஸலா பட்டன் ஃபோனை எடுத்து பிரவீனாவைக் கூப்பிட்டாள்.

"பிரவீனா, நான் பேசறது அவனுக்குக் கேக்கலைடி. என்னைத் தெரியவும் இல்லை."

"யாருக்கு மாமி?"

"என் பிள்ளைக்கு. ஜெயில்ல."

ஆச்சரியப்படும் சத்தம் எதுவும் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. "பெட்டி எதனா வந்துச்சா மாமி?"

"வந்தது. பிளாக் பண்ணினேன்."

"ஐயோ, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். புறப்பாடு பாக்கணும்னு சொன்னீங்களேன்னு அப்படிச் சொல்லிக் குடுத்தேன். இது வேற. சரி, அழுவாதீங்க. அட்ரஸ் கட்டத்துக்கு எடது பக்கம் ஓரமா பொடிசா ஒரு குறி இருக்குது பாருங்க. தட்டுங்க. கேமரா, மைக்குன்னு ரெண்டு வரும். ரெண்டையும் தள்ளி விடுங்க."

"தள்ளிட்டேன்."

"இப்ப அந்த வட்ட அம்பு. அதை அமுக்கினா பக்கம் போயிட்டு திரும்ப வரும். உங்க மூஞ்சி தெரியும், கொரல் கேக்கும்."

"அவன் போயிடுவானோ?"

"ஒரு நிமிசம் போவாரு. வந்துடுவாரு மாமி."

வத்ஸலா அம்பை நோக்கி மவுஸை நகர்த்தினாள். திரையில் வைபவ் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

"அன்னிக்கு ஃபோன்ல கேட்டேளேப்பா, யாருடா ஓட்டினதுன்னு."

அவள் விரல் நின்றது.

அந்தத் தயக்கத்தை அவளும் அன்று கேட்டிருந்தாள். கேட்டும், கேட்கவில்லை என்று இத்தனை நாளும் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். சீக்கிரம், சீக்கிரம் அமுக்கு. அம்மா முகத்தைப் பார்த்தால் நிறுத்திவிடுவான். வட்ட அம்பை நோக்கிப் பாய்ந்தாள். பதற்றத்தில் குறி தப்பியது. எதையோ தட்டினாள். புதிதாக ஒரு டேப் திறந்துகொண்டு, திரை வெறும் வெள்ளையாக நின்றது.

மகனின் முகம் மறைந்துவிட்டது. குரல் மட்டும் நிற்கவில்லை.

"நான்தான்பா ஓட்டினேன். சபாபதி பாவம், ரெண்டு நாளா தூங்கலை, நீ படுன்னு சொல்லி நானே ஓட்டிண்டு வந்தேன். அந்த ஆள் எங்கேர்ந்து வந்தார்னே தெரியலை. இடிச்சதும் எனக்குக் கை கால் ஓடலை. சபாபதியை எழுப்பி, கீழ ஏதோ அடிபட்டுடுத்து, நீ இந்தப் பக்கம் வந்து உக்காருன்னு சொன்னேன். அவனும் தூக்கக் கலக்கத்துல வந்து உக்காந்துட்டான். ஜனங்க ஓடி வந்து பார்த்தப்போ அவன்தான் அங்க இருந்தான். இங்க தினம் அவனைப் பாக்கறேன். ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்கறான்பா. திட்டினாத் தேவலை."

வெள்ளைத் திரையில் ஒன்றுமே இல்லை. வத்ஸலா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமோ. பிறகு, பிரவீனா சொல்லிக்கொடுத்தபடி பழைய டேப்பைத் தட்டினாள். வட்ட அம்பை அமுக்கினாள்.

பக்கம் போயிற்று. வந்தது. கறுப்புக் கட்டத்தில் ஒரு வயதான பெண்மணி உட்கார்ந்திருந்தாள். கலைந்த நரைமுடி, கோணலாய் மூக்குக் கண்ணாடி, காதில் பட்டன் ஃபோன். அது தான்தான் என்று புரிய அவளுக்கே ஒரு கணம் ஆயிற்று.

வைபவ் திரைக்கு அருகில் குனிந்தான்.

"அம்மா... நீயா? இத்தனை நாழியும் நீயா?"

எதை எதையோ கேட்பதற்குச் சேர்த்து வைத்திருந்தாள். "மெலிஞ்சு போயிட்டேடா" என்பது மட்டும்தான் வந்தது.

அவன் பின்னால் காக்கிச் சட்டை ஒன்று குனிந்தது. சிறை அதிகாரி திரையை உற்றுப் பார்த்து, தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார். "ஏமம்மா, பேரு ஆராவமுதன்னு இருக்குது. நீங்க எவரு?"

"அவனோட அம்மா சார். நான்தான் பதிவு பண்ணினேன்."

"பேரு எவருதோ அவருதான் பேசணும். ரூல் அது. அந்த ஆளு வீட்டுல உண்டா, இல்லையா? இல்லைன்னா கட் பண்ணிடுறேன். தப்பா நெனைக்காதீங்க."

"சார், ஒரே நிமிஷம் சார்..."

அவர் கை நீண்டது. வத்ஸலா திரையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தால் நிற்கும் என்பதுபோல.

துளசி வாசனை அடித்தது. அவளுக்குப் பின்னால் ஒரு நிழல் விழுந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோ" என்றார் ஆராவமுதன்.

எப்போது வந்தார்? கூடத்துக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு, உத்தரீயத்தைச் சரிசெய்துகொண்டு, திரைக்கு நேராக உட்கார்ந்தார்.

"நான்தான் ஆராவமுதன். அவனுடைய தகப்பனார்."

ஆதார் அட்டையைக் காட்டச் சொன்னார் அதிகாரி. இடுப்பு மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். இன்றைக்குத் தேவைப்படும் என்று தெரிந்து எடுத்து வைத்துக்கொண்டவர்போல இருந்தது. அதிகாரி தலையசைத்துவிட்டு நகர்ந்தார்.

அப்பாவும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

"அப்பா, நான் சொன்னதெல்லாம்..."

"கேட்டேன்."

வைபவ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"கையை எடு" என்றார் ஆராவமுதன். குரல் உயரவில்லை. "முகத்தைப் பார்க்கத்தானே வந்திருக்கேன். இன்னிக்குச் சொன்னதை இன்னொரு தரம் சொல்லணும். இருட்டுக் கட்டத்தைப் பார்த்து இல்லை. ஜட்ஜைப் பார்த்து. அதுக்கப்புறம் எந்த ஜெயிலா இருந்தாலும் உன்னை நேர்ல வந்து பாப்பேன். சொல்லுவியா?"

வைபவ் வாயைத் திறந்தான்.

திரை வெளுத்தது. 'சந்திப்பு நேரம் முடிந்தது' என்று ஒரு வரி நடுவில் நின்றது.

வத்ஸலா பாய்ந்து இடப்பக்கத்து அம்பைத் தட்டினாள். பச்சைப் பட்டன் இருந்த பக்கம் வந்தது. பட்டன் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. இன்னொரு தடவை தட்டினாள். பெயர் கேட்ட பக்கம் வந்தது. அதற்கு முன்னால் எதுவும் இல்லை.

"என்ன சொல்ல வந்தான்?" என்றாள். "சரின்னா, இல்லைன்னா? உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரியலை."

"நீங்க எப்போ வந்தேள்?"

"அவன் அப்பாவான்னு கேட்டபோது. ஃபோன் என்கிட்டதானே இருக்கு வத்ஸலா. செய்தி வந்த அன்னிக்கே படிச்சேன். நீ பார்க்கட்டும்னு வாயைத் திறக்கலை. கோஷ்டியில உக்காந்தா ஒரு வரி ஓடலை. எழுந்து வந்துட்டேன்."

அவர் எழுந்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"தளிகை ஆயிடுத்து. எங்கே கிளம்பிட்டேள்?"

"செவிலிமேட்டுக்கு. அந்தப் பொண்ணு நம்மாத்து வாசல்ல வந்து நின்னா. இப்போ நாம போய் அவ வாசல்ல நிக்கணும்."

"ஏன்னா!" வத்ஸலா வாசல் வரைக்கும் ஓடி வந்தாள். "அவன் இன்னும் கோர்ட்ல சொல்லலை. அவன் சொல்றானோ இல்லையோ. நாம போய்ச் சொல்லிட்டோம்னா எம்பிள்ளை வெளியவே வர மாட்டான். எத்தனை வருஷமோ. பெத்தவாளே பிடிச்சுக் குடுக்கறதா?"

"சபாபதிக்கும் ஒரு அம்மா இருப்பா" என்றார் அவர். படியிறங்கித் தெருவில் நின்றார். போகவில்லை. "நான் மட்டும் போனா, பிள்ளையோட சண்டை போட்ட அப்பன் சொல்ற வார்த்தையா இருக்கும். கதவைச் சாத்தினது நீ. நீயும் வரணும்."

வத்ஸலா உள்ளே வந்தாள். மேஜை மேல் பட்டன் ஃபோன் கிடந்தது. சின்னத் திரையில் வெளிச்சம் அணையவில்லை. அவள் அதைத் துண்டிக்கவே இல்லை.

காதில் வைத்தாள். மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"பிரவீனா?"

"லைன்லதான் இருக்கேன் மாமி. வெச்சிடணும்னுதான் நெனைச்சேன். முடியல. எங்கம்மா வூடு செவிலிமேடுதான். சபாபதி அண்ணன் தெருவுக்கு அடுத்த தெரு. ஆனா இந்தச் சேதி என் வாயால போவாது மாமி. சத்தியமா போவாது. அது உங்க வாயாலதான் போவணும்."

தெருமுனையில் டவுன் பஸ் ஹாரன் அடித்தது. ஆராவமுதன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

வத்ஸலா லேப்டாப்பை மூடினாள். ஆணியில் தொங்கிய பூட்டையும் சாவியையும் எடுத்துக்கொண்டு வாசல் நிலை வரைக்கும் வந்தாள். ஒரு கை கதவின் மேல் இருந்தது. உள்ளே நின்று அதைச் சாத்துவதா, வெளியே வந்து பூட்டுவதா என்பது அந்தக் கைக்கு இன்னும் தெரியவில்லை.